கையெழுத்துப் போட்டீர்கள், இடத்தையும் கொடுங்கள்: ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழுவினருக்கும் கிளப் போட்டிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம்.

புருணையின் டிபிஎம்எம் கிளப் 2025-26 பருவத்தில் மலேசிய சூப்பர் லீக்குக்கு வந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டோடு விட்டுப்போன லீக் அது. இடையில் சிங்கப்பூரில் ஆடி இரண்டு முறை லீக் பட்டம் வென்றது. இவையெல்லாம் உங்கள் கோப்புகளில் இருப்பவைதான். ஒரு நாட்டின் கிளப் அடுத்த நாட்டு லீக்கில் ஆட வேண்டுமானால் கிளப்பின் தாய்ச் சங்கம், லீக்கை நடத்தும் நாட்டின் சங்கம், கண்டக் கூட்டமைப்பு, ஃபிஃபா என்று நான்கு தரப்பும் ஒப்புதல் தர வேண்டும், அதுவும் விதிவிலக்கான சூழலில் மட்டும்தான் என்கிறது ஃபிஃபாவின் சட்டவிதி. அந்த நான்கில் ஒன்று உங்கள் கையெழுத்து.

அதைப் பற்றித்தான் இந்த மடல். ஆடுவதற்கு ஒப்புதல் தருகிறீர்கள். ஆடிப் பட்டம் வென்றால், அந்தப் பட்டத்தோடு வர வேண்டிய ஆசியப் போட்டி இடம் மட்டும் அந்தக் கிளப்புக்கு இல்லை. எந்தச் சங்கத்தின் உறுப்போ அந்தச் சங்கத்தின் இடத்தில்தான் ஒரு கிளப் ஆசியாவுக்குள் வரலாம் என்பது உங்கள் நிலை. பந்திக்கு அழைத்து இலையும் போட்டுவிட்டு, பரிமாறும் நேரத்தில் எழுப்பிவிடுவதற்கும் இதற்கும் எங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். லீக்கில் ஆடிப் பெற்ற ஆசிய இடம், அதைப் பெற்ற கிளப்புக்கே போக வேண்டும். எல்லை தாண்டி ஆடும் கிளப் என்ற காரணத்தால் அது அடுத்த வரிசைக்கு நழுவக்கூடாது.

2015இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஸ்டீவ் கீன் பயிற்றுவித்த டிபிஎம்எம், சிங்கப்பூரின் லீக்கான எஸ்-லீக்கின் பட்டத்தை வென்றது. 2012இலும் 2014இலும் இரண்டாம் இடத்தோடு நின்ற அணி அது. புருணைக் கிளப் ஒன்று வேறு நாட்டு லீக்கின் முதல் இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. அடுத்த ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் மோகன் பகானை எதிர்த்து ஆடப் போனது இரண்டாம் இடம் பெற்ற தெம்பனிஸ் ரோவர்ஸ். 2019இல் ஏட்ரியன் பென்னக்கின் கீழ் டிபிஎம்எம் மறுபடியும் முதலிடம். 2020 ஜனவரியில் பாலி யுனைடெட்டை எதிர்த்துத் தகுதிச்சுற்று ஆடியது மறுபடியும் தெம்பனிஸ். தெம்பனிஸ் மீது எங்களுக்கு எள்ளளவும் குறையில்லை. கொடுத்த இடத்தில் போய் ஆடினார்கள், அவ்வளவுதான். இரண்டு முறையும் முதலிடம் பெற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் எங்கள் குறை.

இந்த விதியின் விலை எங்கே தெரியும் என்றால், பயண அட்டவணையில் தெரியும். கூட்ட அறையில் "வெளியூர் ஆட்டம்" என்பது ஒரு சொல். டிபிஎம்எம்முக்கு அது மூன்று நாள் வேலை.

கோலத் திரங்கானுவில் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருணையின் தலைநகர் பந்தர் ஸ்ரீ பகவானிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. கோலாலம்பூருக்கு இரண்டரை மணி நேரம், அங்கே குடிநுழைவு, பிறகு உள்நாட்டு விமானம். இரண்டாவது விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால் பைகள் அத்தனையும் எடுத்து மறுபடியும் ஏற்ற வேண்டும். ஆட்டக்காரர்கள் 20 பேர் என்றால், இடைவேளையில் மாற்றிக்கொள்ள ஆளுக்கு இரண்டு ஜெர்சி வீதம் 40. காய்ந்த திடலுக்கு ஒன்று, மழை பெய்த திடலுக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு சோடி பூட்ஸ். மடக்கு மசாஜ் கட்டில், ஒட்டுப்பட்டைச் சுருள்கள், மருந்துப் பெட்டி தனி. கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்க முடியாது. வலிக்கு அடிக்கும் குளிர்த் தெளிப்பானில் எரியும் வாயு இருந்தால் அதற்கும் தடை வரும். அனுபவமுள்ள கிட் பொறுப்பாளர் பூட்ஸில் ஒரு சோடியையும் கோல்காவலரின் கையுறையையும் அவரவர் கைப்பையிலேயே வைக்கச் சொல்வார். ஜெர்சிப் பை கோலாலம்பூரில் தங்கிவிட்டால் எதையாவது போட்டுச் சமாளிக்கலாம். காலுக்குப் பழகாத புது பூட்ஸைப் போட்டு 90 நிமிடம் ஓட முடியாது.

புருணை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் கடிகாரம் ஒன்றுதான். சூரியன் ஒன்றல்ல. பந்தர் ஸ்ரீ பகவான் கோலாலம்பூருக்குக் கிழக்கே 13 பாகைத் தள்ளி இருப்பதால் அங்கே ஏறக்குறைய 50 நிமிடம் முன்பே பொழுது சாய்கிறது. காலையும் அவ்வளவு முன்பே விடிகிறது. தீபகற்ப மலேசியாவில் 9 மணி ஆட்டம் என்பது புருணையில் வளர்ந்த உடலுக்கு 10 மணி ஆட்டம் போலத்தான். ஆட்டம் முடிய 11 மணியாகும். குளித்து, ஐஸ் வைத்து, சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். அந்நேரத்துக்கு விமானம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இரண்டு விமானம், மறுபடியும் குடிநுழைவு. கடும் ஆட்டத்துக்குப் பிறகு தசை தேறுவதற்கு 48 மணி நேரமாவது வேண்டும். அதில் பாதியை முழங்கால் மடக்கிய இருக்கையிலும் வரிசையிலும் கழித்தால் கெண்டைக்காலும் பின்தொடையும் இறுகிப்போகும். புதன்கிழமை கோப்பை ஆட்டம் இருந்தால் நடுவில் முழுப் பயிற்சிக்கு ஒரு நாள்கூடத் தேறாது. செவ்வாயன்று நடைப்பயிற்சி மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு ஆடப் போவார்கள். பருவத்தின் இரண்டாம் பாதியில் பின்தொடைக் காயங்கள் வந்தால் பயிற்றுநரைக் குறை சொல்வதற்கு முன் இந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

2025-26 பருவத்தில் லீக்கில் 13 அணிகள். டிபிஎம்எம்முக்கு 12 வெளியூர் ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் தன் நாட்டை விட்டு வெளியேறி, மலேசியாவுக்குள் நுழைந்து, வெளியேறி, வீடு திரும்ப வேண்டும். ஆட்டத்துக்கு நான்கு குடிநுழைவு முகப்பு வீதம் 48. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிக் குடிநுழைவு உண்டு. கோத்தா கினபாலுவுக்குப் பேருந்தில் போகலாம் என்றால், 2020இல் புருணையின் தெம்புரோங் பாலம் திறந்ததால், சரவாக்கின் லிம்பாங் வழியாகப் போகும்போது இருந்த சோதனைச் சாவடிகள் குறைந்தன. அதற்குப் பிறகும் புருணையிலிருந்து வெளியேற ஒன்று, சரவாக்கில் நுழைய ஒன்று, சரவாக்கிலிருந்து சபாவுக்குக் கடக்க ஒன்று என்று கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு வெளியூர் ஆட்டங்களை அடுத்தடுத்து வைத்துக் கொடுத்தால் இந்தக் கணக்கு பாதியாகும். அட்டவணை போடுகிறவர்கள் மனம் வைத்தால் முடிகிற காரியம் அது. எதிரணிகளுக்கு இந்தப் பயணம் பருவத்தில் ஒரே ஒரு முறை.

பயணத்துக்காக நாங்கள் சலுகை கேட்கவில்லை. விருப்பப்பட்டு வந்த லீக், விமானமும் அதில் சேர்ந்ததுதான் என்பது கிளப்புக்கும் தெரியும், இரசிகர்களுக்கும் தெரியும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு முதலிடத்துக்கு வந்தால், அதே லீக்கில் ஒருமுறைகூட எல்லை தாண்டாத கிளப்புக்குக் கிடைப்பது இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறோம். லீக்கில் ஆடிப் பெற்ற இடம், பெற்ற கிளப்புக்கே.

ஆள் எடுக்கும் இடத்திலும் இந்த விதி குறுக்கே நிற்கிறது. நல்ல வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரிடம் பேசப் போனால் சம்பளம், ஒப்பந்தக் காலம், ஆசியப் போட்டி உண்டா என்று மூன்றும் பேச்சில் வரும். மூன்றாவதற்கு "பட்டம் வென்றாலும் இல்லை" என்று பதில் சொல்லும் கிளப், முதலாவதில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர் இளைஞர்களுக்கு இது இன்னும் பெரிய இழப்பு. புருணையின் தேசிய அணிக்கு ஆட்டக்காரர்களைத் தரும் முக்கியக் கிளப் இது. ஆசியாவின் வலுவான கிளப்புகளோடு ஆறு ஆட்டம் ஆடினால் அவர்களுக்குக் கிடைக்கும் பாடத்தை எந்தப் பயிற்சி முகாமும் தர முடியாது. சிறிய சங்கங்களை வளர்ப்பது உங்கள் கடமைகளில் ஒன்று. அதற்கான வழி ஒன்று தானாகத் திறந்திருக்கும்போது நீங்களே ஏன் அடைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009இல் டிபிஎம்எம் சிங்கப்பூர் லீக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் புருணைச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. பழைய சங்கத்தைக் கலைத்துவிட்டுப் புதியதை அமைத்ததில் அரசின் தலையீடு இருந்தது என்பது காரணம். கிளப் செய்த தவறு எதுவுமில்லை. இருந்தும் பருவத்தின் நடுவில் எஸ்-லீக்கிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று, ஆடி முடித்த லீக் ஆட்டங்களின் முடிவுகளும் அழிக்கப்பட்டன. 2011இல் தடை நீங்கி, 2012இல்தான் திரும்பி வர முடிந்தது. அன்று இது புருணைக் கிளப் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை, சங்கத்தின் தண்டனை கிளப்பின் தலையில் முழுதாக இறங்கியது. சிங்கப்பூரில் பட்டம் வென்றபோது மட்டும் சிங்கப்பூரின் இடத்துக்கும் அது உரியதல்ல, அந்தப் பட்டத்தால் புருணைக்கும் இடமில்லை. தண்டனை வரும்போது வாங்கிக்கொள்ள ஒரு நாடு இருக்கிறது. உரிமை வரும்போது எந்த நாடும் இல்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

வேறு கண்டத்தில் இதே முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். 2008இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்தது. வென்றால் ஐரோப்பியப் போட்டிக்குப் போகலாமா என்ற கேள்வி எழுந்தது. இறுதியாட்டத்துக்கு முன்பே இங்கிலாந்துச் சங்கமும் ஐரோப்பியக் கூட்டமைப்பும் பேசி வழி விட்டன. கார்டிஃப் 1-0 என்று தோற்றது, ஆனால் வாசல் திறந்தாயிற்று. 2013இல் இன்னொரு வேல்ஸ் கிளப்பான ஸ்வான்சி சிட்டி, இங்கிலாந்தின் லீக் கோப்பை இறுதியில் பிராட்ஃபர்டை 5-0 என்று வென்று, இங்கிலாந்தின் இடத்தில் யூரோப்பா லீக்குக்குள் நுழைந்து, வலென்சியாவை அவர்கள் ஊரிலேயே 3-0 என்று தோற்கடித்தது. வேல்ஸ் சங்கத்தின் சொந்த இடங்கள் அதனால் குறையவில்லை. அந்நாட்டு லீக்கின் கிளப்புகள் அவற்றில் தொடர்ந்து போகின்றன. வட அயர்லாந்து மண்ணில் இருக்கும் டெரி சிட்டி 1985இல் அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் சேர்ந்தது. 1989இல் லீக்கையும் கோப்பைகளையும் அள்ளிக்கொண்டு ஐரோப்பியக் கோப்பையில் பென்ஃபிகாவை எதிர்த்து ஆடியது, குடியரசின் சாம்பியனாக.

லிக்டன்ஸ்டைனின் வாடுஸ் கிளப்பை எடுத்துக்காட்டி, அது சுவிஸ் லீக்கில் ஆடினாலும் சொந்த நாட்டுக் கோப்பை வழியாகத்தானே ஐரோப்பாவுக்குப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் லிக்டன்ஸ்டைனில் சொந்த லீக்கே கிடையாது. புருணையில் உண்டு. டிபிஎம்எம் உள்நாட்டுக் கோப்பை வழியாகப் போனால் புருணை லீக்கில் ஆண்டு முழுக்க ஆடும் கிளப்பின் இடத்தை எடுத்துக்கொள்வதாகிவிடும். வேல்ஸ் வழியில் போனால் யாருடைய இடமும் போகாது. நியூசிலாந்தின் வெலிங்டன் ஃபீனிக்ஸ் 2007 முதல் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடியும் ஆசியப் போட்டிக்கு வர முடிவதில்லையே என்றால், அது ஓசியானியாவைச் சேர்ந்த கிளப், அங்கே இரண்டு கண்டக் கூட்டமைப்புகள் பேச வேண்டும். புருணை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் உங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பவை. பேச வேண்டியவர் வெளியே யாருமில்லை.

லீக் நடத்தும் நாடு தன் இடத்தை விட்டுக்கொடுக்குமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் சொல்லும் ஏற்பாடு இது. அனுமதி ஒப்பந்தத்தில் நான்கு தரப்பும் கையெழுத்திடும் நாளிலேயே ஆசிய இடம் பற்றிய ஒரு பிரிவைச் சேர்த்துவிடுங்கள். கிளப் ஆசியப் போட்டியில் எடுக்கும் தரவரிசைப் புள்ளிகள் லீக் நடத்தும் நாட்டின் கணக்கில் ஏறட்டும். மலேசியாவின் இடத்தில் போய் டிபிஎம்எம் வென்றால் மலேசியாவின் தரவரிசைதான் உயரும், அடுத்த ஆண்டுகளில் மலேசியக் கிளப்புகளுக்குத்தான் அது உதவும். ஒரு பருவத்தில் ஒரே வழி: லீக் வழியா, தாய்நாட்டுக் கோப்பை வழியா என்று பருவம் தொடங்குமுன் கிளப் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இரண்டிலும் கை வைக்கக்கூடாது. உங்கள் கிளப் உரிமத்தின் ஐந்து பகுதிகளான விளையாட்டு, கட்டமைப்பு, ஆளணி, சட்டம், நிதி ஆகியவற்றைத் தாய்ச் சங்கம் தணிக்கை செய்யட்டும், லீக் நடத்தும் சங்கம் மேலொப்பம் இடட்டும். பெராக்காஸில் இருக்கும் ஹசனால் போல்கியா தேசிய விளையாட்டரங்கம் அனைத்துலக ஆட்டங்கள் நடந்த இடம்தான். அதில் குறை இருந்தால் பட்டியல் போட்டுக் கொடுங்கள், சரிசெய்ய ஒரு பருவம் இருக்கிறது.

புருணை ஆட்டக்காரர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்பது முன்பு ஒரு சிக்கலாக இருந்திருக்கும். வெளிநாட்டவர் மூவர், ஆசியர் ஒருவர் என்ற 3+1 வரம்பு இருந்த காலம் அது. 2024-25 முதல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலிட்டில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை என்று நீங்களே எடுத்துவிட்டீர்கள். பதினொரு பேரும் வெளிநாட்டவராக இருக்கும் அணி ஆசியாவின் உச்சப் போட்டியில் ஆடலாம். பதினொரு பேரும் பக்கத்து நாட்டவராக இருக்கும் அணி, அந்த லீக்கை வென்றும் ஆடக்கூடாது. இந்த இரண்டு விதிகளையும் ஒரே புத்தகத்தில் வைத்துக்கொண்டு எப்படி விளக்கம் சொல்வீர்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

இது டிபிஎம்எம்மோடு முடிகிற கதையும் அல்ல. சிங்கப்பூர் லீக்கில் 2015 முதல் 2020 வரை ஆறு பருவங்களின் சாம்பியன்கள் யார்? டிபிஎம்எம் இருமுறை, ஆல்பிரெக்ஸ் நீகாட்டா நான்கு முறை. ஆல்பிரெக்ஸ் ஜப்பானியக் கிளப்பின் கிளை, அதன் கதை வேறு. அதற்காக நாங்கள் வாதாடவில்லை. ஆனாலும் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஒரு லீக்கின் சாம்பியன் ஆசியாவுக்குப் போகவில்லை என்றால் அந்த லீக்கின் முதல் இடத்துக்கு இரசிகர் மனத்தில் என்ன மதிப்பு இருக்கும்? 2013இல் மலேசிய சூப்பர் லீக்கை வென்ற சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் அணியும் ஆசியாவுக்குப் போகவில்லை, 2014இல் ஏஎஃப்சி கிண்ணம் என்ற ஆசியக் கிளப் போட்டியில் மலேசியாவிலிருந்து ஆடியவை சிலாங்கூரும் கிளந்தானும். 2015க்குப் பிறகு அந்த அணியே இல்லை. ஒப்பந்தம் முடிந்தது, கலைத்தார்கள். எல்லை தாண்டி ஆடும் அணிகளை விருந்தாளியாகவே வைத்திருந்தால் அவை ஒருநாள் எழுந்து போகத்தான் செய்யும். அதோடு அந்த ஆட்டக்காரர்களின் நல்ல ஆண்டுகளும் போய்விடும். இப்போதெல்லாம் கண்டம் முழுக்கப் பணக்காரக் கிளப்புகளுக்காகப் போட்டி வடிவத்தை மாற்றி அமைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. சிறிய நாட்டுக் கிளப் ஒன்றின் ஒற்றைப் பிரிவைத் திருத்த 2015இலிருந்து நேரம் கிடைக்கவில்லை என்பது எங்களை வருத்துகிறது.

பொறுத்துக்கொள்ளுங்கள், மனத்தாங்கலில் பேச்சு நீண்டுவிட்டது. கேட்க வந்ததைப் பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்.

மலேசிய லீக்கை ஜோகூர் டாருல் தக்சிம் 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை வென்றிருக்கிறது. டிபிஎம்எம் உடனே அந்த இடத்தைப் பிடித்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் முதலிடம் மட்டுமே ஆசிய இடம் தருவதில்லை. 2023இலும் 2024-25இலும் இரண்டாவதாக வந்த சிலாங்கூர், அடுத்தடுத்து, எலிட்டுக்கு அடுத்த நிலைப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூவில் ஆடியது. 2006-07இல் டிபிஎம்எம் இதே சூப்பர் லீக்கில் முதன்முறையாக ஆடியபோது மூன்றாவதாக வந்தது. இரண்டாம் இடம் எட்டாத கனி அல்ல. ஒரு ஆண்டு அது நடந்தபின் நாங்கள் கேட்டால், "பருவம் தொடங்கிய பிறகு விதியை மாற்ற முடியாது" என்பீர்கள். அது சரியான பதிலாகவும் இருக்கும். அதனால்தான் யாரும் எதையும் வெல்லாத இப்போதே கேட்கிறோம்.

அடுத்த பருவத்துக்கான பதிவுப் படிவங்கள் வெளியாகுமுன் மூன்று சங்கங்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். உங்கள் தலைமையகம் இருப்பது கோலாலம்பூரில். மலேசியச் சங்கத்துக்கு அது உள்ளூர்ப் பயணம், மற்ற இருவருக்கும் ஒரே ஒரு விமானம். லீக்கில் ஆடிப் பெற்ற இடம் பெற்ற கிளப்புக்கே என்ற வரியை நுழைவு விதியில் சேருங்கள். சேர்க்க இயலாது என்றால் ஏன் இயலாது என்பதை எழுத்தில் தாருங்கள். மலேசிய லீக்கில் ஆட வரும் ஒவ்வொரு புருணை இளைஞனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மிக்க மரியாதையுடன்,
புருணை, மலேசியா, சிங்கப்பூர் லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் காற்பந்து இரசிகர்கள்